பதினொன்றால் வகுபடாத கண்மாய்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பத்தெட்டு வருஷம் கண்மாய்க் கணக்குப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆனால் இன்றைக்கும் எட்டு இலக்க எண் ஒன்று கண்ணில் பட்டால் எனக்குப் பயம்தான். மின்சார ரசீதில் இருந்தாலும் சரி, லாட்டரிச் சீட்டில் இருந்தாலும் சரி, கை தானாக அதை வகுக்கத் தொடங்கிவிடும். "நம்பர் என்ன கடிக்கவா போகுது?" என்பாள் என் மனைவி. கடிக்கும். என்னை ஒருமுறை கடித்திருக்கிறது.

போன மாதம் எங்கள் பழைய ஆபீசில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஓர் இளம் இன்ஜினீயர் பெண், நல்ல மரியாதைக்காரி, நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு கண்மாயின் கொள்ளளவைக் கண்மூடித் திறப்பதற்குள் திரையில் வரவழைத்தாள். "சரிபார்க்க வேண்டாமாம்மா?" என்றேன். "மெஷின் தப்புப் போடாது சார். அந்தக் காலத்துல நீங்க எப்படிச் சரிபார்ப்பீங்க?" என்று கேட்டாள். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியானது. அந்த வருஷம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கண்மாய்களை அளந்து, கரையையும் தண்ணீர் திறந்துவிடும் மடையையும் சீராக்குவதற்கென்று இருந்த ஒரு சின்ன ஆபீஸ். பெயர் வேண்டாம். பழைய கட்டடம், எட்டு மேசை, எங்கே பார்த்தாலும் சுருட்டி வைத்த வரைபடங்கள். முதல் மூன்று வருஷம் கோடு போடவும் பெருக்கவும் பழகியதில் போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. கை வீங்கப் பெருக்கினேன், அவ்வளவுதான்.

வேலை இப்படி நடக்கும். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது ஆட்கள் சங்கிலியோடு உள்ளே இறங்குவார்கள். எங்களிடம் இருந்தது சர்வேக்காரர்களின் சங்கிலி, நீளம் அறுபத்தாறு அடி. கண்மாயின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, ஒவ்வொரு சங்கிலி தூரத்திலும் ஒரு வெட்டுமுகம் எடுப்பார்கள். அதாவது, அந்த இடத்தில் கண்மாயைக் கத்தியால் குறுக்கே அறுத்ததாக நினைத்துக்கொண்டு, தண்ணீர் நிறைந்தால் அந்த முகம் எத்தனை சதுர அடி என்று பார்ப்பது. எல்லா முகங்களையும் கூட்டி அறுபத்தாறால் பெருக்கினால், கண்மாய் எத்தனை கன அடி கொள்ளும் என்பது வந்துவிடும்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அறுபத்தாறால் பெருக்கி வந்த எண் அறுபத்தாறால் வகுபட்டே தீரும். அறுபத்தாறு என்பது ஆறு பதினொன்று. ஆகவே எங்கள் ஆபீசில் பிறந்த எந்தக் கொள்ளளவு எண்ணும், அது ஒரு கோடியோ ஐந்து கோடியோ, பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். யாரும் இதை விதியாக எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் சவரிமுத்து. அறந்தாங்கிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லியான மனிதர். சமஸ்தான காலத்திலிருந்தே இருப்பவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நேற்று வந்த பியூனைக்கூட 'வாங்க, போங்க' என்பார். யாராவது தப்பான தாளைக் கொண்டுபோய் நீட்டினால், நம் முகத்தைப் பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்து, தன் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். சீவல்கள் கீழே சிந்தாமல் ஒரு காலித் தீப்பெட்டிக்குள் விழும். முனை ஊசியாகும்வரை நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பிறகு, "திருப்பிப் போடுங்க" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிளேடு மரத்தில் உரசுகிற சத்தத்துக்கு எட்டு மேசையும் நடுங்கும்.

அவருக்கு ஒரே ஒரு பரீட்சையில்தான் நம்பிக்கை. ஒன்பது பார்ப்பது என்போம். எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்டி, வருவதை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்குவது. பெருக்குவதற்கு முன்னால் இருந்த எண்களுக்கும் அப்படிச் செய்து பெருக்கிப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். வந்தால் கணக்கு சரி. ஒர்க்கிங் ஷீட்டில் போட்ட விடையைக் கண்மாய் ரிஜிஸ்டரில் எடுத்தெழுதும்போதும் அதே பரீட்சைதான். மற்ற ஆபீஸ்களில் ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் டிக் போடுவார். சவரிமுத்து சாருக்கு அந்த இரைச்சல் ஆகாது. "வாய்விட்டு வாசிக்கிறது பள்ளிக்கூடத்துல. இங்க ஒன்பது பாருங்க, போதும்" என்பார். ரிஜிஸ்டரை நீட்டினால் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ஒன்பது ஒத்துச்சா?" ஒத்தது என்றால் கையெழுத்து.

அந்தப் பரீட்சையில் ஓர் ஓட்டை உண்டு. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. இருபத்தாறை அறுபத்திரண்டு என்று எழுதிவிட்டால், ஒன்பது வாயை மூடிக்கொண்டிருக்கும். பதினொன்றால் வகுத்துப் பார்த்தால் அப்படியில்லை, காட்டிக்கொடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம், ஒரு ஷீட்டின் ஓரத்தில் நான் பென்சிலால் பதினொன்று பார்த்து வைத்திருந்தேன். சார் அதைக் கண்டார். ரப்பரை எடுத்து அழித்தார். ஊதித் துகளைத் தள்ளினார். "ரெண்டு பரீட்சை வச்சா, ரெண்டையும் முழுசா நம்ப மாட்டீங்க" என்றார். கோபமே இல்லாத குரல். நான் அன்றிலிருந்து பதினொன்று பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இனி அந்த ஐப்பசி. ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். கந்தர்வக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் இடையில் ஒரே ஓடையில் அடுத்தடுத்து இரண்டு கண்மாய்கள். மேலக்கண்மாய், கீழக்கண்மாய் என்றே சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய சண்டை ஞாபகம் வரும். மேலக்கண்மாயின் மேற்கே ஒரு பெரிய ஊர், மேலூர் என்று வைத்துக்கொள்வோம், நாற்பது ஏக்கர் சம்பா வயல். கீழக்கண்மாயின் கரைக்கு அடியிலேயே ஒரு சின்னக் குடியிருப்பு, முப்பது முப்பத்தைந்து மண்சுவர் வீடுகள். கரையடி என்று பெயர்.

நான்கு நாளாக மழை விடவில்லை. மேலக்கண்மாயின் பழைய மடைக்குப் பக்கத்தில் கரை கசிகிறது என்று முதலில் ஒரு தந்தி வந்தது. சார் ரிஜிஸ்டரைப் பிரித்தார். கீழக்கண்மாயின் கொள்ளளவு 1,62,34,908 கன அடி. அன்றைய நீர்மட்டப்படி உள்ளே கிடந்தது ஒரு கோடிக்குச் சற்று மேலே. அறுபது லட்சம்போல இடம் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை, முடியாமல் போனால் கீழே தள்ளிவிடலாம் என்று இன்ஜினீயருக்குக் குறிப்பு எழுதினார். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் கசிவு ஊற்றாகிவிட்டது என்று ஆள் ஓடி வந்தான். தந்திக் கம்பி அதற்குள் அறுந்திருந்தது. இன்ஜினீயர் வேறு ஓர் உடைப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகிற அவசரத்தில், மேலக்கண்மாயின் கிழக்குக் கரையை இரண்டு மணிக்கு வெட்டி, நாற்பத்தைந்து லட்சம் கன அடியைக் கீழக்கண்மாய்க்குள் விடவும் என்று உத்தரவு எழுதி, கீழே அந்த எட்டு இலக்க எண்ணையும் குறித்து, சவரிமுத்து சார் கையில் கொடுத்தார். சார் என்னைப் பார்த்து, "நடேசன், நீங்களும் வாங்க" என்றார்.

மணல் மூட்டை லாரியில் கந்தர்வக்கோட்டை தாண்டிப் போய், கடைசி இரண்டு மைல் சேற்றில் நடந்து, பன்னிரண்டு மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தோம். பகல்தான், ஆனால் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. கரைமேல் நாற்பது பேர் மம்பட்டியும் தலையில் சாக்குமாக நின்றார்கள். எல்லாரும் மேலூர் ஆட்கள். அவர்களுக்கு முன்னால் ஊர்த் தலைவரான அம்பலம் கறுப்பையா. அறுபது வயது இருக்கும், கட்டையான மனிதர். மடைக்குப் பக்கத்தில் கரையின் காலடியில் கலங்கலாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கலங்கல் என்றால் மண் கரைகிறது என்று அர்த்தம். மடையைத் திறந்து மூடுகிற நீர்பாய்ச்சி தங்குகிற கீற்றுக் கொட்டகைக்குள் நான் போய் நின்றுகொண்டேன்.

அப்போதுதான் ஓர் அம்மாள் வந்தாள். பேச்சியம்மா என்று பெயர், கரையடிக்காரி. ஒரு மைல் ஓடைக்கரையோடு, இடுப்பளவு தண்ணீரில் வந்திருக்கிறாள். சேலையெல்லாம் சேறு.

"ஐயா, கீழக்கம்மாயில கலிங்குக்கு ஒரு சாண்தான் கெடக்கு. இதையும் அங்கிட்டுத் தள்ளிவிட்டா, பிள்ளைகுட்டிகளத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கிட்டுப் போறது?"

கலிங்கு என்பது மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல்லணை. கீழக்கண்மாயின் கலிங்கு ரொம்பச் சின்னது. அது நிறைந்த பிறகும் வெள்ளமாக வந்தால், தண்ணீர் கரைமேல் ஏறும். மண்கரைமேல் தண்ணீர் ஏறினால், கரை நிற்காது.

"கணக்குப்படி ஏகப்பட்ட இடம் இருக்கும்மா. ஐம்பத்தேழு லட்சம் கன அடி" என்றார் சார், அன்று காலை மட்டத்தையும் கழித்து.

"லச்சமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் கைய வச்சுப் பாத்துட்டு வாரேன்." அவள் கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அம்பலம் குறுக்கிட்டார். "பயத்துல சொல்லுதுங்க. தண்ணியப் பாத்தா எல்லாருக்கும் ஒரு சாண்தான் தெரியும். நீங்க உத்தரவுப்படி வெட்டச் சொல்லுங்க சார். இங்கிட்டு எங்க கரை போகுது."

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

நான் உத்தரவைக் கையில் வைத்திருந்தேன். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பதினொன்று பார்த்தேன் என்று கேட்டால், அவளுடைய கைதான் காரணம். அது பொய் சொல்கிற கையாக எனக்குத் தெரியவில்லை. வலது கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினேன். எட்டு, ஒன்பது, மூன்று, ஆறு. இருபத்தாறு. விட்டவற்றைக் கூட்டினேன். பூஜ்யம், நான்கு, இரண்டு, ஒன்று. ஏழு. இரண்டுக்கும் வித்தியாசம் பூஜ்யமாகவோ பதினொன்றின் மடங்காகவோ இருக்க வேண்டும். பத்தொன்பது வந்தது. பதினொன்று போக எட்டு மீதி.

நம்பவில்லை. தாளைத் திருப்பி, நெடுகப் போட்டு வகுத்தேன். எட்டு மீதி. மறுபடி வகுத்தேன். எட்டு.

அந்த எண்ணை ரிஜிஸ்டரில் எடுத்தெழுதியவன் நான். ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எழுதியது. முதலில் வந்த நினைப்பு கரையடியைப் பற்றியது அல்ல. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையே என்பதுதான் முதலில் வந்தது. பேசாமல் இருந்தால் என்ன என்றும் ஒரு கணம் நினைத்தேன். பேச்சியம்மா எனக்கு எதிரே நின்றுகொண்டு சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் அங்கே நிற்காமல் போயிருந்தால் நான் பேசியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சார், இந்த நம்பர் தப்பு."

"ஒன்பது ஒத்துச்சா?"

"ஒத்துச்சு சார். பதினொண்ணுல எட்டு மீதி நிக்குது."

சார் பிளேடை எடுத்தார். அந்த மழையில், அந்தக் கொட்டகையில், என் கையிலிருந்த பென்சிலை வாங்கிச் சீவினார். தீப்பெட்டி ஊறிப் போயிருந்ததால், சீவல்கள் அவர் உள்ளங்கையில் விழுந்தன.

"சங்கிலி அறுபத்தாறுதானே?"

"அறுபத்தாறுதான் சார்."

தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு தானே வகுத்தார். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு கேட்டார், "சரியான நம்பர் எது?"

"ஷீட்டு ஆபீசுல இருக்கு சார். எனக்கு ஞாபகமில்லை."

"ஆபீசு முப்பது மைலு. மணி ஒண்ணாகப் போகுது. யோசிங்க."

யோசித்தேன். அதுவரை என் வாழ்க்கையில் அப்படி யோசித்ததில்லை. ஒன்பது ஒத்துப்போகிறது, பதினொன்று ஒத்துப்போகவில்லை. எடுத்தெழுதும்போது இந்த மாதிரித் தப்பு எப்படி வரும்? பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால்தான். எட்டு இலக்கத்தில் பக்கத்து ஜோடிகள் ஏழு. ஒவ்வொரு ஜோடியாக இடம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டியதுதான். கடைசி ஜோடியை மாற்றினேன், வகுபடவில்லை. அதற்கு முந்தையதை மாற்றினேன், வகுபடவில்லை. தாளில் மழைத்துளி விழுந்து எழுத்து ஊறியது. சார் தன் துண்டை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். ஏழு ஜோடியில் ஆறுக்கு மீதி வந்தது. ஒன்றே ஒன்றுக்கு வரவில்லை. இரண்டாம் இடத்து ஆறையும் மூன்றாம் இடத்து இரண்டையும் இடம் மாற்றியபோது மட்டும். எட்டு, ஒன்பது, மூன்று, இரண்டு, மொத்தம் இருபத்திரண்டு. பூஜ்யம், நான்கு, ஆறு, ஒன்று, மொத்தம் பதினொன்று. வித்தியாசம் சரியாகப் பதினொன்று.

1,26,34,908.

முப்பத்தாறு லட்சம் குறைகிறது. அப்படியானால் கீழக்கண்மாயில் மிச்சம் இருந்த இடம் ஐம்பத்தேழு லட்சம் அல்ல, இருபத்தொரு லட்சம். அதற்குள் நாங்கள் நாற்பத்தைந்து லட்சத்தைத் தள்ளிவிட வந்திருக்கிறோம்.

"இது சத்தியமா?" என்றார் சார்.

"ரிஜிஸ்டர்ல உள்ளது தப்புங்கறது சத்தியம் சார். இதுதான் சரிங்கறதுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. வேற மாதிரியும் தப்பு நடந்திருக்கலாம்."

அவர் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். யார் எழுதினது என்று கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் நான் எழுதுகிற ஆறும் இரண்டும் அவருக்குத் தெரியாதா என்ன. பேச்சியம்மா பக்கம் திரும்பி, "அந்தக் கையை இன்னொரு தடவை காட்டுங்கம்மா" என்றார். அவள் காட்டினாள். சார் எழுந்து மழைக்குள் போனார்.

"அம்பலகாரரே, கிழக்கே வெட்ட வேண்டாம். மேற்கே வெட்டணும்."

மேற்கே வெட்டினால் தண்ணீர் மேலூரின் சம்பா வயல் நாற்பது ஏக்கர்மேலும் பாய்ந்து, வேறு ஓடைக்குப் போகும். கீழக்கண்மாய்க்கு ஒரு சொட்டும் வராது. பயிர் அப்போது தூர் கட்டி நிற்கிற பருவம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த கூச்சலில் நான் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டேன். மம்பட்டிகள் எங்களைச் சுற்றி நெருங்கின. சார் குரலை உயர்த்தவே இல்லை. "தப்பு எங்க ஆபீசுத் தப்பு. கீழே எடம் இருக்குன்னு நாங்க எழுதி வச்சது பிசகு" என்றார்.

"எப்படிங்க தெரியும்? அங்க போய்ப் பாத்தீங்களா?"

"நம்பர் பதினொண்ணால வகுபடணும். வகுபடல."

அம்பலம் தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கீழே போட்டார். "ஒரு நம்பரு பதினொண்ணால வகுபடலைன்னு எங்க வயல அழிக்கச் சொல்றீங்களா? கவர்மெண்டு உத்தரவு கெழக்கன்னுதானே இருக்கு?"

"ஆமா. கிழக்கன்னுதான் இருக்கு" என்றார் சார். "நீங்க அதும்படியே வெட்டினா ஒங்க மேல குத்தமில்லை. வெட்டுங்க. ஆனா ஒரு மணி நேரம் கழிச்சு வெட்டுங்க. நானும் நடேசனும் கரையடிக்குப் போய், அந்தச் சனங்களோட நின்னுக்கிறோம்."

என்னையும் சேர்த்துச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. அவர் கரையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கினார், பேச்சியம்மா முன்னால் போனாள், நான் அழாத குறையாகப் பின்னால் போனேன். திரும்பிப் பார்க்கக்கூடப் பயம். முப்பது நாற்பது தப்படி போயிருப்போம்.

"சார், நில்லுங்க!"

அம்பலம் தன் மம்பட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்துகொண்டிருந்தார். ஆட்கள் இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டார். "மேக்க வெட்டுனா மொதல்ல போறது என் வயலு. நானே வெட்டுறேன். விடுங்கடா" என்றார்.

அவர் முதல் வெட்டு வெட்டியபோது மணி ஒன்றே முக்கால். தண்ணீர் முதலில் கையகலம் வந்தது, பிறகு ஒரு வண்டி அகலம், பிறகு பார்க்க முடியவில்லை. பச்சையாக நின்ற வயல் அரைமணி நேரத்தில் செம்மண் நிறமானது. மேலூர்க்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார். மடைக்குப் பக்கத்துக் கொப்பளிப்பு மெல்ல அடங்கியது.

நாங்கள் பிறகு கரையடிக்குப் போனோம். மேலிருந்து ஒரு சொட்டும் வராமலேயே, அந்தச் சாயங்காலத்துக்குள் பெய்த மழைக்கே கீழக்கண்மாய் நிறைந்து, கலிங்கில் வழிந்தது. கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு அடி இருந்தது. கரை நின்றது. நாற்பத்தைந்து லட்சத்தையும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை. பேச்சியம்மா வீட்டில் எங்களுக்குச் சுக்குத்தண்ணி கொடுத்தார்கள். அவள் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். வெறும் மண். தண்ணீர் பட்டால் கால்மணி நேரம் தாங்காது.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஷீட்டை எடுத்தோம். வெட்டுமுகங்களின் கூட்டு 1,91,438. அறுபத்தாறால் பெருக்கி வந்தது 1,26,34,908. அங்கே சரியாகத்தான் இருந்தது. சார் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். தப்பைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. மேலே சரியானதை எழுதி, எழுதியவரும் சரிபார்த்தவரும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நான் எழுதினேன். இருவரும் ஒப்பம் வைத்தோம். இன்ஜினீயருக்குப் போன அறிக்கையில் 'எடுத்தெழுதியதில் பிழை. சரிபார்க்கத் தவறியது தலைமை வரைவாளர்' என்று சார் தன்னையே எழுதியிருந்தார். என் பெயர் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து எல்லா எண்ணுக்கும் ஒன்பதும் பதினொன்றும் பார்த்தோம், உரக்க வாசிக்கவும் செய்தோம். கரையடியில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

தை மாதம் ஒரு காலையில் அம்பலம் கறுப்பையா ஆபீசுக்கு வந்தார். அறுவடைக்காலம், அறுக்க அவருக்கு ஒன்றுமில்லை. நான் எழுந்து நாற்காலி போட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, அன்னைக்கு அந்த நம்பர வகுத்தீங்கள்ல. எனக்கும் போட்டுக் காட்டுங்க."

ஒரு தாளில் பெரிதாக எழுதிப் போட்டுக் காட்டினேன். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டுவதை விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். கூட்டல் அவருக்கு நன்றாகவே வந்தது.

"எட்டு நிக்குது" என்றார்.

"ஆமாங்க."

"இது எப்ப எழுதுன நம்பரு?"

"ஆனி மாசம்ங்க."

"அன்னைக்கே இப்படிப் போட்டிருந்தா எட்டு நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்ங்க."

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொதத் தந்தி குடுத்தப்பவே கீழ எடமில்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அந்த ரெண்டு நாளும் மேக்கு மடையத் தெறந்து கொஞ்சம் கொஞ்சமா வாய்க்கா வழியா விட்டிருப்போம். பயிருக்கு ஒரு சேதாரமும் வந்திருக்காது. சரிதானா தம்பி?"

"சரிதானுங்க."

"இத போட எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு நிமிசம் ஆகுங்க."

"இந்தக் கணக்கு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா, பொறவு படிச்சதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அப்பவே தெரியும்ங்க" என்றேன்.

"பின்ன ஏன் போடல?"

"பயந்துட்டேங்க."

"யாருக்கு?"

நான் சவரிமுத்து சாரின் மேசைப் பக்கம் பார்த்தேன். அவர் வரைபடம் ஒன்றின்மேல் குனிந்திருந்தார், எங்கள் பேச்சுக் காதில் விழுந்ததா தெரியவில்லை. அம்பலமும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்கா? அன்னைக்கு எங்க நாப்பது மம்பட்டிக்கு முன்னால நின்னாரே, அவருக்கா? போட்டிருந்தா அவரு ஒங்கள என்ன தம்பி செஞ்சிருப்பாரு?"

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாருங்க" என்றேன்.